மாநிலங்களவையை யாரும் கலைக்க முடியாது

ஒவ்வொரு பொதுத்தேர்தல் முடிந்ததும் இந்தப் பேச்சு கிளம்பிவிடுகிறது: “ஆட்சி மாறிடுச்சு, இனி ராஜ்யசபாவும் கலைஞ்சு புதுசா வரும்.” டீக்கடையில் சொன்னால் போகட்டும் என்று விடலாம். தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார், நெறியாளரும் தலையாட்டுகிறார். அரசமைப்புப் பாடம் நடத்துகிறவனுக்குப் பற்றிக்கொண்டு வராதா?

மாநிலங்களவை கலையாது. பிரதமராலும் முடியாது, குடியரசுத் தலைவராலும் முடியாது. அரசமைப்பின் 83ஆம் பிரிவை ஒருமுறை படித்தால் போதும்: ஐந்தாண்டுக் கணக்கு மக்களவைக்கு, மாநிலங்களவையில் இரண்டு ஆண்டுக்கொரு முறை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். உறுப்பினரின் பதவிக்காலம் ஆறு ஆண்டு. 1952இல் எல்லாரும் ஒன்றாகத்தானே வந்தார்கள் என்று கேட்பீர்கள். அப்போது சிலருக்கு இரண்டு, சிலருக்கு நான்கு, சிலருக்கு முழு ஆறு ஆண்டு என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். அந்தச் சுழற்சிதான் இன்றுவரை ஓடுகிறது.

ஏன் இந்த ஏற்பாடு? ஒரே அலையில் இரண்டு அவைகளும் ஒரே கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. 1977இல் ஜனதா மக்களவையைப் பிடித்தது. மாநிலங்களவையில் காங்கிரஸே பெரும்பான்மை. மறு வருடம் 44ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் சில பிரிவுகளை நீக்கிய பிறகுதான் அந்த அவை அதை நிறைவேற்றியது. 2014இல் பா.ஜ.க. தனித்தே 282 இடம் வென்றது. ஆனாலும் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைத் திருத்த மாநிலங்களவையில் ஆள் பலம் இல்லை. அவசரச் சட்டத்தை மூன்று முறை பிறப்பித்துப் பார்த்து, 2015 ஆகஸ்டில் காலாவதியாக விட்டுவிட்டார்கள். ஆட்சியோடு அவையும் கலையுமென்றால் இதெல்லாம் எப்படி நடந்திருக்கும்?

“அப்படியென்றால் தமிழ்நாட்டில் 2025இல் ஆறு பேர், அடுத்த வருடமே 2026இல் ஆறு பேர் ஓய்வு பெறுவது ஏன்? இரண்டு ஆண்டு இடைவெளி எங்கே?” என்று கேட்டார் ஒரு மாணவர். நல்ல கேள்வி. 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அந்த ஏப்ரலில் மாநிலங்களவை இடங்கள் காலியானபோது, வாக்களிக்கச் சட்டமன்றமே இல்லை. 1977 ஜூனில் சட்டமன்றத் தேர்தல் நடந்து, ஜூலையில்தான் இடங்கள் நிரம்பின. வந்தவர்களுக்கு அன்றிலிருந்து முழு ஆறு ஆண்டு. அந்த வரிசைதான் 2019, 2025 என்று வருகிறது. 1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டபோது இன்னொரு வரிசை ஏப்ரலிலிருந்து ஜூனுக்குத் தள்ளிப்போனது. தமிழ்நாட்டின் 18 இடங்களும் ஜூலை, ஏப்ரல், ஜூன் என்று சிதறிக் கிடப்பதற்குக் காரணம் ஆட்சிக் கலைப்புகளே.

இடைத்தேர்தலில் வந்தவருக்கும் ஆறு ஆண்டு என்பது அடுத்த கதை. இல்லை, எஞ்சிய காலம் மட்டும்தான். 2020இல் மாநிலங்களவைக்குப் போன கே.பி.முனுசாமி 2021இல் எம்.எல்.ஏ. ஆகி விலகினார், அந்த இடத்துக்கு வந்த கனிமொழி சோமுவுக்கு 2026 ஏப்ரல் வரைதான் கணக்கு. தேர்தல் தேதி பற்றி இன்னொரு கதையும் உண்டு: 1967 வரை நாடு முழுக்க எல்லாத் தேர்தலும் ஒன்றாக நடந்ததாம். கேரளம் 1960இல் தனியாக வாக்களித்ததை யாராவது அப்படிச் சொல்கிறவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

தேர்தல் தேதிகளைப் பற்றி இத்தனை கவலைப்படுகிறவர்கள் சொந்த ஊராட்சியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்பு வெளிப்படையாகக் கட்டளையிடுவது உள்ளாட்சிகளுக்கு. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் முடிந்த ஊரக உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது, அதுவும் 27 மாவட்டங்களில். அதில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. உடனே தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மாநிலங்களவை எப்போது கலையும் என்று இனி கேட்காதீர்கள். அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஊராட்சித் தேர்தல் ஏன் காலத்தில் நடக்கவில்லை என்று கேளுங்கள்.