உழைப்பவள் பெயரில் என்ன இருக்கிறது?

பெண் முன்னேற்றம் என்று தலைப்புப் போட்டால் பாரதியிலிருந்து ஆரம்பிப்பது ஆண்டு மலர்களில் வழக்கம். நான் முந்திரிக்கொட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கத்தைத் தாண்டிப் போனால் பண்ருட்டி. பலாவுக்குப் பேர் போன அந்த வட்டாரம் முந்திரிக்கும் பேர் போனது. கொட்டை உடைப்பது, தோல் எடுப்பது, தரம் பிரிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் வேலை. ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் விரல் வெந்து தோல் உரியும். (மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க: பிரேக் லைனிங் தயாரிப்பில் சேர்வது இந்த எண்ணெய்தான்.) கூலி கிலோ கணக்கு. என் அம்மாவும் அந்த வேலைக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் முதலில் டிப்ளமோ படிக்க வந்தவள் நான். பீஸ் கட்டியது அந்தக் கூலி.

சம்பாதித்தால் உரிமை தானாக வந்துவிடும் என்கிறார்கள். அம்மா இருபது வருஷமாகச் சம்பாதிக்கிறார். ஆடு வாங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனபோது வந்த முதல் கேள்வி, "உங்க பேர்ல என்னம்மா இருக்கு?" ஒன்றும் இல்லை. வீட்டுப் பட்டா அப்பா பேரில்.

ஏன் இல்லை என்று தேடிப் பார்த்தேன். பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக அறுபது வருஷம் ஆனது. 1989-ல் தமிழ்நாடு அரசு இந்து கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையையும் எடுத்துவிட்டது.

அம்மாவுக்குக் கல்யாணம் 2004-ல். அதனால் தாத்தாவின் காணி நிலத்தில் அவருக்குப் பங்கு உண்டு. மாமாக்கள் விடுதலைப் பத்திரம் எழுதி வந்தார்கள். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். கேட்டால், "நகை போட்டு சீர் செஞ்சாச்சு. பங்கு கேட்டா நாளைக்குத் தாய்வீட்டு வாசல் மிதிக்க முடியுமா?" என்கிறார். அண்ணன் தம்பி இல்லாமல் காதுகுத்து நடக்காத ஊரில் அந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. சட்டம் சட்டசபையில் ஜெயித்து, சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் தோற்கிறது.

சொத்து இல்லாதவர்களுக்கு வந்த வழிதான் சுயஉதவிக் குழு. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்து, அடுத்த கட்டத்தில் அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு வந்தது. பட்டா தேவையில்லை, குழுவே ஜாமீன். அம்மா ஆடு வாங்கியது அந்தக் கடனில். ஆனால் சில வீடுகளில் கடனை வாங்கிக்கொள்வது ஆம்பளை, தவணை கட்டுவது மட்டும் பொம்பளை. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. அந்த மிச்சம் கைக்கே நேராக வருவதால் அதை யாரும் பிடுங்க முடியவில்லை.

நம் விஷயத்துக்கு வருவோம். 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்து வந்த தோழியர் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் ஏறுகிறது. ஏடிஎம் கார்டு யாரிடம் என்று வகுப்பில் விசாரித்தேன். "அண்ணன்கிட்ட", "அப்பாகிட்ட" என்றுதான் பலர் சொன்னார்கள். முதலில் அந்தக் கார்டை வாங்கி வையுங்கள். பிற்பாடு யாராவது விடுதலைப் பத்திரம் நீட்டினால், கையெழுத்துக்கு முன் சர்வே நம்பரையும் பரப்பளவையும் படித்துப் பாருங்கள். சிவில் தோழியருக்கு அது பழகின வேலைதான்.