ஒரு போர்வை, இரு மதிப்பு

ஒரு பொருளுக்கு ஒரு விலைதான் இருக்க முடியும் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். கடைச் சீட்டைப் பார்த்துப் பணம் கொடுத்துப் பழகியவர்களுக்கு வேறு எண்ணம் தோன்ற வழியில்லை. ஆனால் கையால் தைத்த போர்வை ஒன்றை மதிப்பிட்டுத் தருமாறு கேட்டுப் பாருங்கள். தொழில் அறிந்த மதிப்பீட்டாளர் போர்வையைப் பிரிப்பதற்கு முன்பே நம்மை ஒரு கேள்வி கேட்பார்: "மதிப்பு எதற்காக வேண்டும்? காப்பீடு செய்யவா, விற்கவா?" நாம் சொல்லும் விடை மாறினால் அவர் எழுதும் தொகையும் மாறும். இரண்டு தொகையும் நேர்மையானவையே. இது எங்ஙனம் கூடும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வங்க நாட்டில் தங்கிப் பயிலும் நமக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. இங்குள்ள பல வீடுகளின் பெட்டிகளில் காந்தா என்னும் கைத்தையற் போர்வை உறங்கிக் கொண்டிருக்கிறது. நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் சில மடிப்புகளாக அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டிச் செல்லும் எளிய தையலால் இணைப்பது காந்தா. பூவும் மீனும் தேரும் யானையும் இழைத்தால் அது நக்சி காந்தா. பழைய நாளில் தையலுக்கு வேண்டிய வண்ண நூலையும் புடவைக் கரையிலிருந்தே உருவி எடுத்தார்கள். கிழிந்த துணியைக் குறிக்க நாம் வழங்கும் 'கந்தை' என்ற சொல் இதன் உறவுச் சொல்லே. கந்தையிலிருந்து பிறந்த கலைக்கு என்ன விலை வைப்பது?

இரண்டு கேள்விகள்

கைத்தையற் போர்வைகளை மதிப்பிடுவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருப்பது அமெரிக்காவில். கென்டக்கி மாநிலத்துப் படூக்கா நகரில் 1984-இல் தோன்றிய அமெரிக்கன் க்வில்டர்ஸ் சொசைட்டி என்னும் அமைப்பு, மதிப்பீட்டாளர்களைத் தேர்ந்து சான்று வழங்கி வருகிறது. அவர்கள் எழுதும் அறிக்கையில் மதிப்பின் நோக்கம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். நோக்கம் எழுதாத மதிப்பு, அலகு எழுதாத அளவையைப் போன்றது. ஐந்து என்றால் ஐந்து அடியா, ஐந்து மைலா?

காப்பீட்டுக்குரிய கேள்வி இது: "இப்போர்வை நாளை எரிந்து போனால், இதே வகையிலும் தரத்திலும் வேறொன்றை உரியவர் கையில் சேர்ப்பதற்கு என்ன செலவாகும்?" இதை மாற்றீட்டு மதிப்பு என்போம். ஒத்த போர்வை கடையில் கிடைக்குமானால் அதன் சில்லறை விலையைக் கொள்வர். கிடைக்காவிட்டால் புதிதாகச் செய்விக்கும் செலவைக் கணக்கிடுவர். துணி, நூல், கூலி யாவும் அதில் அடங்கும்.

விற்பனைக்குரிய கேள்வி வேறு: "விற்க விரும்பும் ஒருவரும் வாங்க விரும்பும் ஒருவரும், எவ்விதக் கட்டாயமுமின்றி, பொருளைப் பற்றிய செய்திகளை அறிந்து பேசினால் எந்தத் தொகைக்கு இசைவார்கள்?" இது நியாயமான சந்தை மதிப்பு. அமெரிக்க வரித்துறை, நன்கொடைக்கும் மரபுரிமைச் சொத்துக்கும் இம்மதிப்பையே கேட்கிறது.

முதற் கேள்வி இழந்தவரின் பக்கம் நின்று கேட்பது. இரண்டாவது, சந்தையின் நடுவே நின்று கேட்பது. ஆகவே விடைகள் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஒரு கணக்கு

இங்கே நான் தரும் எண்கள் விளக்கத்துக்காக நானே இட்டவை. படுக்கையளவு காந்தா ஒன்றை ஒரு பெண் நாளுக்கு 4 மணி நேரமாக 180 நாள் தைக்கிறாள் என்று கொள்வோம். மொத்தம் 720 மணி. மணிக்கு 60 ரூபாய் கூலியென்றால் 43,200 ரூபாய். துணிக்கும் நூலுக்கும் 1,800 ரூபாய். ஆக 45,000 ரூபாய். ஒத்த காந்தா கடையில் கிடைக்கவில்லை எனில், இதுவே மாற்றீட்டு மதிப்பு.

அதே காந்தாவை விற்கப் போனால், விரும்பி வாங்கும் ஒருவர் 20,000 ரூபாய் தரலாம். அன்றே பணம் வேண்டுமென்று வணிகரிடம் கொண்டு போனால் 12,000 ரூபாய்தான் கிடைக்கலாம். அவருக்குக் கடை வாடகை உண்டு, விற்கும் வரை முதல் முடங்கும், இலாபமும் வேண்டும். வாங்குபவர் தன் விருப்பத்துக்கு விலை கொடுக்கிறாரேயன்றி, தைத்தவளின் 720 மணிக்கு விலை கொடுப்பதில்லை. கைவினைப் பொருளின் துயரம் இதில்தான் இருக்கிறது. செய்தவளின் உழைப்பு முழுமையாக எண்ணப்படும் இடம் பெரும்பாலும் சந்தையன்று, காப்பீட்டுத் தாளே!

என்னோடு ஆய்வுக்கூடத்தில் பணி செய்யும் வங்க நண்பர் ஒருவரின் வீட்டில், பாட்டி தைத்த காந்தாவை மூன்று பிள்ளைகள் எப்படிப் பகிர்ந்து கொள்வது என்ற பேச்சு எழுந்தது. மூத்தவர் அதைத் தாமே வைத்துக் கொண்டு, தம்பிக்கும் தங்கைக்கும் பணம் தர விரும்பினார். வணிகர் சொன்ன சிறு தொகையை அவர் காட்டினார். தங்கையோ, செய்விக்கும் செலவைக் கணக்கிட்டுப் பெருந்தொகை சொன்னாள். ஒருவரை ஒருவர் பேராசைக்காரர் என்று எண்ணத் தொடங்கினர். உண்மையில் எவரும் ஏமாற்றவில்லை. இருவரும் வேறு வேறு கேள்விகளுக்குரிய விடைகளைக் கையில் வைத்துக் கொண்டு ஒரே வழக்கை வாதாடினர். இங்கே பொருள் எரியவுமில்லை, வணிகருக்கு விற்கப்படவுமில்லை. எனவே பங்கீட்டுக்குப் பொருந்துவது நடுவிலுள்ள சந்தை மதிப்பே.

மீண்டும் செய்ய இயலாதவை

செய்விக்கும் செலவு என்ற அளவுகோல் புதிய போர்வைக்குச் சரி. நூறாண்டுப் பழமை உடையதை எவ்வாறு செய்விப்பது? கொல்கத்தாவின் தென்புறம் ஜோகாவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தின் காந்தாக்கள், குருசதய் தத்தர் (1882–1941) திரட்டியவை. அவற்றுள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண் தைத்தது ஒன்று. தன் தந்தைக்காகத் தன் கையாற் செய்ததாக அவள் ஊசியாலேயே எழுதியிருக்கிறாள். அந்த எழுத்துக்குத் துணிக் கணக்கும் இல்லை, கூலிக் கணக்கும் இல்லை. ஆயினும் செய்தவர் பெயரும் வரலாறும் தெரிந்த போர்வை, பெயரற்ற போர்வையைவிட எங்கும் மதிப்பு மிக்கது. இத்தகையவற்றுக்கு ஒப்பான பழம்பொருள்கள் என்ன விலைக்குக் கைமாறின என்பதைப் பார்த்தே தொகை காண வேண்டும்.

அங்கும் விழிப்பு வேண்டும். அமெரிக்காவின் புரூக்ளினில் 1867-இல் லுசிண்டா வார்ட் ஹான்ஸ்டெயின் தைத்த போர்வை ஒன்று, 1991-இல் ஏலத்தில் 2,64,000 டாலருக்குப் போயிற்று. இப்போது அது நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகர் அருங்காட்சியகத்தில் உள்ளது. உள்நாட்டுப் போருக்குப் பிந்திய வாழ்வைப் படம்படமாகக் காட்டும் அதன் அருமைக்குக் கிடைத்த விலை அது. அதே ஆண்டில் தைத்த எல்லாப் போர்வைக்கும் அவ்விலையைப் பொருத்துவது, ஒரே ஒரு சோதனையைக் கொண்டு விதி வகுப்பதை ஒக்கும்.

பாட்டியின் நினைவு என்ற மதிப்பை மட்டும் இரு கணக்கும் ஏற்பதில்லை. அது பொய்யென்பதால் அன்று. அளக்க முடியாதது என்பதால்.

வயதை அறிவது

பழமைக்கு விலை உண்டு என்றால், பழமையை மெய்ப்பிக்க வேண்டும். இங்கே நம் விஞ்ஞானம் துணை வருகிறது. செயற்கைச் சாயங்களின் வரலாறு 1856-இல் பெர்க்கின் கண்ட மாவ் சாயத்தோடு தொடங்குகிறது. செயற்கை நீலம் 1897-இல் சந்தைக்கு வந்தது. ஆகவே தையல் நூலில் செயற்கைச் சாயம் இருந்தால், அந்தக் காந்தா 1856-க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் இயற்கைச் சாயம் இருப்பதனால் மட்டும் அது பழையது என்று முடிவு கட்டலாகாது. பழம்புடவையின் நூலை உருவிப் பின்னாளில் தைத்திருக்கலாம். புற ஊதாக் கதிரில் துணி நீலமாக ஒளிர்ந்தால், வெண்மையூட்டும் இரசாயனம் அதில் படிந்திருக்கக் கூடும். அதுவும் புதுத் துணிக்குச் சான்றாகிவிடாது. பழந்துணியை இக்காலச் சலவைத் தூளால் துவைத்தாலும் ஒளிரும். எனவே சோதனைகள் பொய்யுரையை மறுக்க வல்லவை. தனித்து நின்று வயதை நிறுவ வல்லவை அல்ல.

சட்டமும் பாலிசியும்

நம் நாட்டில் வயதைப் பற்றிய கேள்வி சட்டக் கேள்வியும் ஆகும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள்கள் ஆகும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. வணிகம் செய்ய உரிமம் வேண்டும். ஆதலின் வெளிநாட்டு ஏல விலையைக் காட்டி இங்குள்ள பழங்காந்தாவுக்குச் சந்தை மதிப்புச் சொல்வது பிழை. அந்தச் சந்தையின் கதவு இதற்கு மூடப்பட்டுள்ளது.

காப்பீட்டின் அடிப்படை, இழப்பை ஈடு செய்வதே, இலாபம் தருவதன்று. தொகையை மிகுத்து எழுதினால் பிரிமியம்தான் வீணாகும். குறைத்து எழுதினாலோ வேறு தீங்கு. சராசரி விதியுள்ள பாலிசியில், 45,000 ரூபாய்ப் பொருளை விற்பனை விலையான 20,000-க்கு எழுதி, 9,000 ரூபாய்ச் சேதம் நேர்ந்தால், கிடைப்பது 4,000 மட்டுமே. ஏனெனில் ஒன்பதில் நான்கு பங்கே காப்பிடப்பட்டிருந்தது. அருங்கலைப் பொருள்களுக்கு உகந்தது, தொகையை முன்பே இருதரப்பும் ஒத்துக்கொள்ளும் முறை. 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்னும் வீட்டுக் காப்பீட்டில் இவ்வழி உண்டு. கலைப்பொருள், தொல்பொருள் முதலியவற்றை விருப்பப் பிரிவாகச் சேர்க்கலாம். மொத்தம் 5 லட்சத்துக்கும், தனிப் பொருள் 1 லட்சத்துக்கும் மேற்படாவிட்டால் மதிப்பீட்டுச் சான்றும் கேட்பதில்லை. ஆனால் பூச்சியரிப்பையும் நாட்பட்ட தேய்வையும் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை என்பதை மறத்தலாகாது. அதற்குக் காப்பு நம் கவனமே.

நாம் செய்யத்தக்கவை

வங்கத்தில் காந்தா, நம் ஊர்களில் பழம்புடவையை மடித்துத் தைத்த குழந்தை விரிப்பு. எதுவாயினும், கையால் தைத்தது ஒன்று வீட்டில் இருக்குமானால் சில காரியங்கள் செய்து வையுங்கள். இருபுறமும் படம் எடுங்கள். நீள அகலம், ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல், கறை, கிழிசல், செப்பனிட்ட இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு, யாருக்காகத் தைத்தார் என்பவற்றை வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். மதிப்பீடு வாங்கினால் நோக்கமும் நாளும் அதில் உண்டா என்று பாருங்கள். காப்பீட்டுத் தாளைக் காட்டி விற்காதீர்கள். விற்பனைத் தொகையைக் கொண்டு காப்பிடாதீர்கள்.

தீப்பிடித்த வீட்டில் இழப்பை அளக்க வரும் சர்வேயரின் முன், பதிவில்லாத காந்தா ஒரு பழந்துணி மட்டுமே. பெயரும் அளவும் எழுதி வைத்த காந்தாவோ, ஒரு பெண்ணின் பல நூறு மணி நேர வாழ்வு. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது ஒரு தாள். அதை இந்த விடுமுறையிலேயே எழுதி விடலாம்.