மஞ்சள் போய்ச் சேரும் இடம்

(இளம் வைத்தியர் ஒருவருக்கு எழுதிய கடிதம்)

ரிவர்ஸ்டன்,
மாத்தளை மாவட்டம்.

அன்புள்ள பிள்ளைக்கு,

உம்முடைய கடிதம் இரத்தோட்டையில் இரண்டு நாள் தங்கி, மலையேறும் பஸ்ஸில் ஏறி, நேற்று மாலை, மூடுபனி ஒழுங்கையை மறைத்துக்கொண்டிருந்த வேளையில் என் கைக்கு வந்து சேர்ந்தது. கைதடியில் சித்த மருத்துவம் பயின்று ஊர் திரும்பியிருக்கும் உமக்கு, மாத்தளைப் பெருவீதியில் உள்ள வாசனைத் திரவியத் தோட்டமொன்றிலிருந்து அழைப்பு வந்திருப்பதையும், உல்லாசப் பயணிகளின் முன் வெள்ளைச் சட்டையுடன் அமர்ந்து, மஞ்சளின் மகிமையை எடுத்துரைத்து, குர்குமின் குளிசைப் போத்தல்களை எழுதிக்கொடுப்பதே அங்கு உமக்குரிய உத்தியோகம் என்பதையும் வாசித்தேன். "மஞ்சள் நல்லதுதானே, ஐயா? நல்லதை நல்லதென்று சொல்வதில் என்ன பிழை?" என்று முடித்திருந்தீர். ஒரு வரியில் விடை எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியைக் கேட்காமலே நெடுங்காலம் வைத்தியம் செய்துவிட்டு, அதன் பலனையும் கண்டவன் நான்; ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகின்றேன், பொறுத்துக்கொள்ளும்.

முதலில் உம் அடுப்படிக்குப் போய் ஒரு கரண்டி மஞ்சள் தூளை எடுத்து, ஒரு கோப்பை வெந்நீரில் கலக்கி வைத்துப் பாரும். சிறிது நேரத்தில் தூள் அடியில் படிந்துவிடும்; மேலே நிற்கும் நீரில் ஏறியிருப்பது வெளிறிய சாயல் மட்டுமே. அதே தூளைத் தேங்காய்ப்பாலில் இட்டுக் காய்ச்சினால், நிறம் எண்ணெய்ப் பசையோடு கூடிக் கோப்பையின் விளிம்பு வரை பரவும். இன்னும் ஒன்று: ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் அது செவ்வண்ணமாக மாறுவதைச் சிறு வயதிலிருந்தே கண்டிருக்கின்றீர், வேட்டியில் பட்ட மஞ்சட்கறை இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் தானே மங்கிப்போவதும் உமக்குத் தெரியும். நீரில் கரையாமை, காரத்தோடு சேர்ந்தால் நிலைமாறுதல், வெளிச்சத்தில் அழிதல் ஆகிய மூன்று குணங்களையும் நம் தாய்மார் சாஸ்திரம் படிக்காமலே அறிந்து வைத்திருந்தனர். இவை மூன்றும் மஞ்சளுக்கு நிறந்தரும் பொருளாகிய குர்குமினின் குணங்களே. இரத்தத்தை ஒத்த காரநிலையுள்ள கரைசலொன்றில், உடற்சூட்டிலே வைக்கப்பட்ட குர்குமினில் பத்தில் ஒன்பது பங்கு அரைமணி நேரத்துக்குள் சிதைந்துவிடுகின்றது என்பது 1997இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு.

இந்தப் பொருளை மஞ்சளிலிருந்து முதன்முதல் 1815இல் பிரித்தவர்கள் வோகல், பெலெத்தியே என்னும் இருவர். அந்தப் பெலெத்தியே, ஐந்து வருஷங்களின் பின் கவாந்து என்பவரோடு கூடிச் சிங்கோனாப் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தார். ஒருவர் கையிலிருந்தே புறப்பட்ட இவ்விரண்டில், பின்னால் வந்த கொயினா உலகமெங்கும் மலேரியாவை எதிர்த்து நின்றது. முன்னால் வந்த குர்குமினோ, இருநூறு வருஷங்கள் கழிந்த பின்னும், பெரிய நோய் எதற்கும் ஐயமற்ற மருந்தென்னும் இடத்தைப் பெறவில்லை. காரணம் எளிது: கொயினா இரத்தத்தில் சேர்கின்றது, குர்குமின் பெரும்பாலும் சேர்வதில்லை. சுவீடன் தேசத்து ஆய்வாளர் 1978இல் எலிகளுக்கு அதனை ஊட்டிப் பார்த்தபோது, ஏறக்குறைய முக்கால் பங்கு மலத்தோடு வெளியேறியது. இரத்தத்தில் அகப்பட்டதோ மிகச் சொற்பம். மேலும், பரிசோதனைக் குழாயில் அது கண்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டு, வேலை செய்வதுபோல் ஆய்வாளரை ஏமாற்றும் இயல்புடையதென்று 2017இல் அமெரிக்க இரசாயன அறிஞர் சிலர் எச்சரித்தனர். விளம்பரத் தாளில் "ஆய்வுகள் நிரூபித்துள்ளன" என்று காணும்போது, அந்த ஆய்வு நடந்தது குழாயிலா, எலியிலா, மனிதரிலா என்று கேட்கும் வழக்கத்தை இன்றே கைக்கொள்ளும்.

இங்கே நீர், "மிளகு இருக்கின்றதே, ஐயா" என்பீர். உண்மைதான். பெங்களூர் சென். ஜோன்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்யப்பட்டு 1998இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் சாரமாகிய பிப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுக்கப்பட்டபோது, இரத்தத்தில் சேர்ந்த அளவு 2000 சதவீதம் உயர்ந்தது. போத்தல்களின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது இந்த எண்ணே. ஆயினும், ஏறத்தாழப் பூச்சியமாயிருந்ததை இருபது மடங்காக்கினாலும் அது பெருந்தொகை ஆகிவிடாது. மிளகு இதனைச் செய்வது, அந்நியப் பொருள்களை வெளியேற்றும் ஈரலின் வேலையைத் தாமதப்படுத்துவதனால். அவ்வாறு தாமதிக்கும்போது, நோயாளி உட்கொள்ளும் வலிப்பு மருந்தும் ஆஸ்துமா மருந்தும் சேர்ந்தே உடலில் தேங்கலாம். அனுபானம் என்பது மருந்தைக் கொண்டுசெல்லும் வாகனம் என்று படித்திருக்கின்றீர். அந்த வாகனத்தில் வேறு யார் ஏறிக்கொள்கின்றார் என்று பார்ப்பதும் வைத்தியரின் கடமையே.

அப்படியானால் இரத்தத்தில் சேராத மஞ்சள் போய்ச் சேரும் இடம் எது? பெருங்குடல். அங்கே அதற்காகக் காத்திருப்போர் கொஞ்ச நஞ்சமானோர் அல்லர். ஒரு மனித சரீரத்தில் வசிக்கும் பற்றீரியாக்களின் தொகை ஏறக்குறைய 38 இலட்சம் கோடி என்பது 2016இல் வெளியான கணக்கு. நம்முடைய சொந்த உயிரணுக்களின் தொகைக்கு அது குறைந்ததன்று. இத்தனை ஜீவராசிகளையும் ஒருங்கே தராசில் இட்டால் கால் கிலோவும் தேறாது. ஆயினும் நாம் செரிக்க இயலாத நாரை அவை உண்டு, குடற்சுவருக்கு ஆகாரமாகும் அமிலங்களாக்கித் தருகின்றன. நஞ்சையும் நண்பரையும் பகுத்தறிய நம் எதிர்ப்புச் சக்திக்குப் பழக்கம் கொடுப்பதும் அவையே. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர், மனித மலத்திலிருந்து பிரித்தெடுத்த எஸ்செரிக்கியா கோலை என்னும் சாதாரணப் பற்றீரியாவிடத்தில், குர்குமினை உருமாற்றும் நொதியம் ஒன்றைக் கண்டனர். அந்த நொதியம் குர்குமினோடு ஐதரசனைப் படிப்படியாகச் சேர்த்து அதனை டெட்ராஹைட்ரோகுர்குமின் ஆக்குகின்றது. அப்பொருளுக்கு நிறமே இல்லை. இலட்சக்கணக்கான வருஷங்களாக நம்மோடு குடியிருக்கும் ஓர் அற்ப உயிர், மஞ்சளை வாங்கி, அதன் மஞ்சளையே நீக்கி, வேறொரு பொருளாக்கி நம்மிடம் திருப்பித் தருகின்றதென்பதை முதன்முறை வாசித்த அன்றிரவு எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை. நோயாளிக்கு மருந்து கொடுப்பதாக நான் எண்ணியிருந்த நாட்களிலெல்லாம், அவருக்குள் இருந்த இந்தக் கூட்டத்திற்கே கொடுத்து வந்திருக்கின்றேன்; அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

இனி, என் வீட்டு வாசலிலிருந்து தெரிவதைச் சொல்கின்றேன். இந்தக் கணவாயின் மேல் ஒரே காற்றுத்தான் அடிக்கின்றது, ஒரே முகிற்கூட்டந்தான் கடந்து போகின்றது. இரத்தோட்டைப் பக்கம் அது இறக்கிய மழையில் பாசி படர்ந்த மரங்களும் அவற்றின் நிழலில் ஏலமும் செழிக்கின்றன. இலுக்கும்புரப் பக்கமாகச் சில மைல் இறங்கினால், பிட்டவல பத்தனையில், பாறைமேல் விரித்தாற்போன்ற மெல்லிய மண்ணில், குட்டையான புல்லைத் தவிர வேறொன்றும் நிமிர்ந்து நிற்பதில்லை. மழையைக் குறை கூறுவோமா, மண்ணைப் பார்ப்போமா? ஆரோக்கியமுள்ள சிலருக்கு மஞ்சளும் குர்குமினும் வெற்றுக் குளிசையும் கொடுத்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஒரு சிறு பரீட்சையில், குடற் பற்றீரியாக்களில் உண்டான மாற்றம் ஆளுக்கு ஆள் வேறுபட்டே இருந்தது. ஒருவரிடம் பெருகிய இனம் மற்றொருவரிடம் பெருகவில்லை. தேகியின் இயல்பறிந்து மருந்திட வேண்டும் என்று நம் ஆசிரியர்கள் ஓயாது சொல்லியதற்கு, அவர்கள் கண்ணாற் காணாத ஒரு காரணமும் உண்டென்பது இப்போது புலப்படுகின்றது.

மஞ்சளுக்கு ஒரு பலனுமில்லை என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர். அது இரத்தத்தில் ஏறாமல் குடலிலேயே தங்குவதனால், குடலின் நோயிலேயே அதன் பலனைத் தேடுவது நியாயம். தேடியவர்க்குச் சிறிது கிட்டியும் இருக்கின்றது. பெருங்குடற் புண்ணோய் தணிந்திருந்தோருக்கு, வழக்கமான மருந்தோடு நாளொன்றுக்கு 2 கிராம் குர்குமினை ஆறு மாதம் கொடுத்து ஜப்பானில் நடந்த பரீட்சையில், நோய் திரும்பியவர் 43 பேரில் 2 பேர். வெற்றுக் குளிசை பெற்ற 39 பேரில் 8 பேர். இது 2006இல் வெளியானது. ஆனால் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில், அந்நோய் தணியாதிருந்தோருக்கு நாளொன்றுக்கு 450 மில்லிகிராம் மாத்திரம் கொடுத்துப் பார்த்தபோது, வெற்றுக் குளிசையிலும் மேலான பலன் காணப்படவில்லை. அளவின் வேறுபாட்டைக் கவனியும். நல்ல மஞ்சளில் குர்குமின் நூற்றில் ஏறக்குறைய 3 பங்கே உண்டு; ஆகவே ஜப்பானியர் கொடுத்த அளவுக்கு அறுபது கிராமுக்கு மேல் தூளை நாள்தோறும் உண்ணவேண்டும். கறியில் இடும் மஞ்சள் வேறு, மருந்தாகிய மஞ்சள் வேறு. ஒன்றன் பாரம்பரியத்தைக் காட்டி மற்றதை விற்பது வியாபாரம்.

என் பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். தொழில் தொடங்கிச் சில வருஷங்களில், மேற்பிரிவு லயத்திலிருந்து ஒரு பெரியவர் வயிற்றுக் கடுப்பென்று வந்தார். மோரில் மஞ்சள் கலந்து கொடுத்தேன். ஒரு வாரம் சுகம் என்றார், மறுபடியும் வந்தார், மறுபடியும் கொடுத்தேன். இப்படி நான்கு மாதம். மலத்தோடு இரத்தம் போகின்றதா என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. மருமகள் கூட நின்றதனால் அவரும் சொல்லவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றபோது, குடலில் வளர்ந்திருந்த கட்டி அறுவைக்கும் அடங்காத நிலையை எட்டியிருந்தது. மஞ்சள் அவருக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. மஞ்சளில் நான் வைத்த நம்பிக்கையே அவருடைய நான்கு மாதங்களைத் தின்றது. மெலிவு, இரத்தம், இரவில் எழுப்பும் வலி, அண்மையில் மாறிய மலப்பழக்கம் ஆகியவற்றை விசாரிக்காமல் இனி எந்த வயிற்றையும் தொடாதீர். கூட வந்தவர்களை வெளியே இருத்திவிட்டுக் கேளும்.

மஞ்சளே தீங்கு செய்த சந்தர்ப்பங்களும் உண்டு. அமெரிக்காவில் ஈரற்பாதிப்பைக் கணக்கெடுக்கும் வைத்தியர் குழு, மஞ்சட் குளிசையால் ஈரல் கெட்ட 10 பேரை 2011 முதல் 2022 வரையில் பதிவு செய்தது. அவர்களில் 5 பேர் ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தது, ஒருவர் இறந்தார். எழுவரிடம் பிறவியிலேயே அமைந்த ஒரே மரபணு வகை காணப்பட்டது. தொகை சிறிது, ஆனால் அந்த எழுவரைப் போன்ற ஒருவர் நாளை உம்முன் அமரும்போது அவரை முகத்தைப் பார்த்து அறிந்துகொள்ள இயலாது. கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே நிறுத்துமாறு சொல்லி வைப்பது மாத்திரமே நம்மால் ஆவது.

கலப்படத்தைப் பற்றி உமக்கு நான் கூறவேண்டியதில்லை. 2019ஆம் வருஷக் கடைசியில் மஞ்சள் இறக்குமதிக்குத் தடை வந்து, மறுவருஷம் கொவிட் தொற்றுக் காலத்தில் வீட்டுக்கு வீடு மஞ்சள் நீர் தெளிக்கத் தொடங்கியபோது, சில நூறு ரூபாய்க்கு விற்ற கிலோ சில ஆயிரம் ரூபாய்க்கு ஏறியதையும், தமிழகத்து மண்டபம் கரையிலிருந்து மன்னாருக்கு மூட்டைகள் இரவில் படகேறியதையும், மாவைக் கலந்து நிறமேற்றிய தூள் சந்தைக்கு வந்ததையும் நீரே பார்த்தீர். மா பசியையாவது ஆற்றும். வங்காளதேசத்திலோ, கிழங்கை மெருகேற்றும்போது ஈயக் குரோமேற்றைப் பூசி வந்தனர். 2019இல் அங்கே சந்தை மாதிரிகளில் 100க்கு 47இல் ஈயம் இருந்தது. அரசாங்கம் விழித்தெழுந்து ஆலைகளைச் சோதித்துத் தண்டித்ததும், 2021இல் அது இல்லாமலே போயிற்று. ஆகவே மினுங்கும் மஞ்சள் விரலை நம்பாதீர். முறித்து, உள்நிறத்தோடு மேல்நிறத்தை ஒப்பிட்டுப் பாரும். தூளாக்கும் வேலையை உம் கையாலேயே செய்யும்.

நீர் கேட்ட கேள்விக்கு வருகின்றேன். அந்தத் தோட்டத்துக்குப் போகவேண்டாமென்று நான் கட்டளையிடமாட்டேன். தகப்பனில்லாத வீட்டில் சம்பளத்தின் அருமை எனக்குத் தெரியும். போவதானால் ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டு போம்: எதிரில் அமர்பவரிடம், வேறென்ன மருந்து எடுக்கின்றீர், என்ன சாப்பிடுகின்றீர், வயிறு எப்படியிருக்கின்றது என்னும் மூன்றையும் கேட்ட பின்பே போத்தலைக் கையில் எடுப்பேன் என்று முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடும். அவர் சம்மதித்தால், அந்த இடத்தில் நீர் வைத்தியர். பஸ் இருபது நிமிஷத்தில் புறப்பட்டுவிடும், கேட்பதற்கு நேரமில்லை என்பாரானால், அவருக்கு வேண்டியது உம்முடைய வெள்ளைச் சட்டை மட்டுமே. நம் லயத்துப் பெண்கள் குரக்கன் ரொட்டியையும் கீரையையும் பழஞ்சோற்றையும் கைவிட்டுப் பாணுக்கும் சீனித் தேநீருக்கும் மாறிவிட்டதனால் பட்டினி கிடக்கும் குடற்குடிகளைப் பற்றிப் பேச, இரத்தோட்டையில் ஒரு வாங்கும் ஒரு மேசையும் போதும். சம்பளம் மட்டும் அங்கே குறைவு.

பஸ் கொண்டக்டர் கையில் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கின்றேன். அதில் என் கொல்லையில் விளைந்த மஞ்சள் ஏழு விரல். நான்கு அவித்துக் காயவைத்தவை. அவற்றை இடித்து அம்மாவிடம் கறிக்குக் கொடும். மூன்று பச்சை. சித்திரை மழை விழுந்ததும் அவற்றை மேடான இடத்தில் நட்டு, சருகு போட்டு மூடும். தையில் இலை காய்ந்ததும் கிண்டி எடுக்கலாம். மாறி நட்டுவிடாதீர், அவித்தது முளைக்காது.

இங்ஙனம்,
உம் நலம் நாடும்
கிழ வைத்தியன்