ஒரு பிட்டும் விடுபடக் கூடாது

கேள்வி: லினக்ஸ் கெர்னலில் சிப்பின் ரெஜிஸ்டர் விவரங்களைக் கையால்தான் எழுதுகிறார்களா? ஓர் எண் பிசகினால் என்ன ஆகும்?

பதில்: ஆர்ம்64 பகுதியில் நெடுநாள் கையால்தான் எழுதினார்கள். பிசகினால் கம்பைலர் வாயே திறக்காது. அதற்கு எல்லா எண்ணும் ஒன்றுதான். என்றோ ஒருநாள் கணினி உறைந்து நிற்கும்போதுதான் தெரியும்.

2022-இல் வெளிவந்த 5.19 பதிப்பில் வழி மாறத் தொடங்கியது. ‘சிஸ்ரெக்’ என்னும் எளிய உரைக்கோப்பில் ஒவ்வொரு ரெஜிஸ்டரையும் 63-ஆம் பிட்டிலிருந்து 0 வரை இறங்குவரிசையில் எழுதுகிறார்கள். ‘ஆக்’ மொழி நிரல் ஒன்று அதைப் படித்து ஹெடர் கோப்பை உருவாக்கித் தருகிறது. நடுவே ஒரு பிட் விடுபட்டாலும் பில்ட் நின்றுவிடும். பயன்படாத பிட்டையும் ‘ரெஸ்0’ என்று சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால், இரண்டு பெயர்களை இடம் மாற்றி எழுதிவிட்டால் நிரலுக்குத் தெரியாது. ஆர்ம் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொருவர் வரிவரியாகச் சரிபார்க்கத்தான் வேண்டும்.