இணையவழிப் பாடமும் நனவின் ஐந்தவத்தையும்

2020ஆம் ஆண்டு மார்ச்சு 25இல் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. அவ்வாண்டு ஜூன் 24 முதல் மதுரை மாநகர்க்கும் பரவை, திருப்பரங்குன்றம் முதலிய சுற்றூர்கட்கும் முழு ஊரடங்கு மீண்டும் வந்துற்றது. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரிகளின் மாணாக்கர் தத்தம் இல்லிலிருந்தே கைப்பேசியின் வாயிலாகப் பாடங் கேட்கலாயினர். அவ்வழக்கம் இன்றும் முற்றும் நீங்கிற்றில்லை. அவர் மனஞ் சிதறுதற்கு மருந்தாக 'மைண்ட்புல்னெஸ்' என்னும் பயிற்சியைப் பலர் எடுத்துரைக்கின்றனர். பௌத்தர்தம் பாலி நூல்களிற் 'சதி' எனப்படுவதை அடியாகக் கொண்டு, 1979இல் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் என்பார் சமயச்சார்பின்றி வகுத்தது இது. மூச்சின் போக்குவரவை உற்றறிதல் இதன் முதற்படி. இதனைச் சைவர் கொள்ளலாமோ எனின், ஆராய்வாம்.

கண் திறந்திருந்தும் காணாமை நம் ஆசிரியர்கட்குப் புதியதன்று. சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரத்துட் கூறப்பட்ட அவத்தை ஐந்தும் நனவினுள்ளேயும் நிகழுமென்பது சித்தாந்தத் துணிபு. நனவிற் கருவிகள் 35, கனவில் 25, உறக்கத்திற் சித்தம், பிராணன், புருடன் என 3, பேருறக்கத்திற் பிராணனும் புருடனுமாக 2, உயிர்ப்படங்கலிற் புருடன் ஒன்றே. திரையை நோக்கியிருந்தும் ஒன்றும் அறியாத மாணாக்கன் நனவினுள் உயிர்ப்படங்கலுற்றவனாவன். அவன் மீளுங்கால் முதற்கண் வந்து கூடுவது பிராணன், அடுத்துச் சித்தம், பின்னர் ஏனை அந்தக்கரணங்கள், இறுதியிலேயே கண்ணும் செவியும். ஆகலின் மூச்சினின்று தொடங்குதல் மீட்சிமுறைக்கு இயைந்ததே. கேமராவைத் திறந்து வைக்க என வற்புறுத்தும் பேராசிரியரோ, கடைப்பட வரும் கண்ணையே முதலிற் பற்றுகின்றனர்!

ஆயினும் மூச்சளவில் நின்றுவிடின் அது பேருறக்கத்தின் எல்லையே. ஆண்டுப் பாடம் விளங்காது. ஆதலின் சிறுபொழுது மூச்சை நோக்கியபின், முன்னாட் பாடம் எவ்விடத்து நின்றதென ஒருமுறை சிந்திக்க வேண்டும். அதனாற் சித்தம் எழும். அதன்பின் கேட்பதனை மனம் பற்றி ஐயுறவும், அகங்காரம் துணிவேனென்று எழவும், புத்தி துணியவும் வழியுண்டாம்.

புறச்சமயத்தார் பயிற்சியாயிற்றே என்பார்க்கு ஒன்று கூறுவாம். எல்லாம் கணந்தோறும் அழியும் என்னும் பௌத்தர் கொள்கை சிவஞானசித்தியார் பரபக்கத்தில் மறுக்கப்பட்டது. பயில்பவன் 'என் மனம் அகன்றது' என்று அறிகின்றானன்றே? அகன்றபோதும் மீண்டபோதும் நிலைத்த ஓருயிர் இல்லையாயின் அவ்வறிவு யாருடையது? இப்பயிற்சியே அக்கொள்கைக்கு மாறாகச் சான்று பகர்கின்றது. முறையைக் கொள்வாம், கொள்கையை விடுவாம்.

பாடத்தின் நடுவே அக்கைப்பேசியிலேயே பிறிதொரு செய்தி ஒலித்து உள்ளம் அகன்றவழியும் மாணாக்கன் இவ்வாறே மீள்க: முன்னர் மூச்சு, பின்னர்ச் சிந்தனை, அதன்பின் செவி.