ஹைட்ரஜன் கிட் மாட்டினேன், மைலேஜ் கூடவில்லை: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: சொந்தமாக ஒரு பெட்ரோல் கார் வைத்து நானே வாடகைக்கு ஓட்டுகிறேன். பத்து மாதங்களுக்கு முன், தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து இன்ஜினுக்கு அனுப்பும் கிட் ஒன்றை 28,500 ரூபாய் கொடுத்து மாட்டினேன். ‘மைலேஜ் 40 சதவீதம் கூடும், உத்தரவாதம்’ என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தார்கள். ஒன்றும் கூடவில்லை. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. சர்வீஸ் சென்டரில் இனி வாரண்டியே கிடையாது என்கிறார்கள். விற்றவரோ, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, வழக்கு கோவையில் மட்டுமே’ என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார். ‘அரசாங்கமே ஹைட்ரஜன் ரயில் விடுகிறது, உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை’ என்றும் சொல்கிறார். நான் என்ன செய்வது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பணத்தைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதற்கு முன் அந்த கிட்டைக் கழற்றிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019-இல் கே. ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி வண்டி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். சி.என்.ஜி. கிட்டை நினைத்துப் பாருங்கள்: சோதனை நிறுவனம் ஒப்புதல் கொடுத்த கிட்டைத்தான் மாட்ட முடியும், அது ஆர்.சி.யிலும் ஏற வேண்டும். உங்களுக்கு விற்றவர் அப்படி எந்த ஒப்புதல் சான்றாவது கொடுத்தாரா? ஐ.எஸ்.ஓ. சான்றிதழைக் காட்டினால் மயங்காதீர்கள். அது நிறுவனத்தின் நிர்வாக முறையைப் பற்றியது, மைலேஜைப் பற்றியது அல்ல.

கழற்றும் வேலையை சர்வீஸ் சென்டரிலேயே செய்யுங்கள். கழற்றுமுன் படம், வீடியோ எடுங்கள். என்ன மாட்டியிருந்தது, எந்த ஒயரில் இணைத்திருந்தது, ஸ்கேனரில் என்ன கோளாறு காட்டியது என்பதை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். ஆக்சிஜன் சென்சார் ஒயரில் சின்னப் பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். இத்தகைய கிட்களுடன் அது வருவதுண்டு. சென்சாரின் சிக்னலைத் திரித்து பெட்ரோல் அளவைக் குறைக்கவைக்கும் வேலை அதனுடையது. அதனால் இன்ஜின் சூடேறும், வால்வு கெடும், புகைச் சோதனையிலும் சிக்கல் வரலாம். கழற்றிய பாகங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவைதான் உங்கள் சாட்சி.

இனி வழக்குக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இல் பலர் கவனிக்காத ஒரு வாசகம் இருக்கிறது. முறையான சோதனை செய்யாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கு உத்தரவாதம் கொடுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. ‘சோதித்துவிட்டுத்தான் சொன்னோம்’ என்று விற்றவர் வாதிட்டால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. ஆகவே கிட் வேலை செய்யாது என்று நீங்கள் விஞ்ஞானி போல நிறுவ வேண்டியதில்லை. அந்த 40 சதவீதம் எந்தச் சோதனைக் கூடத்தில், எந்த வண்டியில் வந்தது என்று அவர் காட்டட்டும். உங்கள் புகாரின் முதல் பத்தியே இதுவாக இருக்கட்டும்.

ஆனாலும் அவருடைய வாதங்களுக்குப் பதில் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ‘கரண்ட் பேட்டரியிலிருந்து வருகிறது, செலவில்லை’ என்பார். பேட்டரியை நிரப்புவது ஆல்டர்னேட்டர், அதைச் சுற்றுவது இன்ஜின், இன்ஜினுக்குப் பெட்ரோல். தண்ணீரைப் பிரிக்கச் செலவாகும் ஆற்றலைவிட, அந்த வாயு எரிந்து தரும் ஆற்றல் ஒருபோதும் கூடாது. வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் நஷ்டம் வேறு. அளவையும் பாருங்கள். ஆறு அறை கொண்ட கிட் 15 ஆம்பியர் இழுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு வரும். 1.2 லிட்டர் இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில், முழு ஆக்சிலரேட்டரில், நிமிடத்துக்கு 1,800 லிட்டர் வரை காற்று இழுக்கும். ‘ஹைட்ரஜன் பெட்ரோலை முழுசாக எரிய வைக்கும்’ என்பது அடுத்த வாதம். இன்றைய இன்ஜின் ஏற்கெனவே பெட்ரோலில் 97, 98 சதவீதத்தை எரித்துவிடுகிறது. நஷ்டமெல்லாம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போவது. எரியாத 40 சதவீதம் அங்கே இல்லவே இல்லை.

ஹைட்ரஜன் ரயில் உண்மைதான், அதன் பெட்டி நம் சென்னை ஐ.சி.எஃப்.பில்தான் உருவானது. ஆனால் அதற்கு வெளியே தயாரித்த ஹைட்ரஜனை நிரப்புகிறார்கள். டீசலுக்குப் பதில் அதுதான் எரிபொருள். ஓடும் வண்டியே தனக்கான ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து தயாரித்து மிச்சம் பிடிப்பதாகச் சொல்வது முற்றிலும் வேறு கதை. அந்த ரயிலின் நற்பெயரை இந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது. ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் உங்களைப் போல, பெட்ரோல் விலை நேராக வீட்டுச் செலவில் விழுகிறவர்கள்.

இந்த வியாபாரம் புதிதல்ல. அமெரிக்காவின் ஒஹாயோவில் ஸ்டான்லி மேயர் என்பவர் தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொல்லி முதலீடு திரட்டினார். காப்புரிமைகளும் வைத்திருந்தார். 1996-இல் நிபுணர்கள் அவருடைய கருவியைப் பரிசோதித்து, அது சாதாரண மின்னாற்பகுப்புதான் என்றார்கள். அதை அப்பட்டமான மோசடி என்று தீர்மானித்த நீதிமன்றம், இரண்டு முதலீட்டாளர்களின் 25,000 டாலரைத் திருப்பித்தர உத்தரவிட்டது. காப்புரிமை இருப்பதால் பொருள் வேலை செய்யும் என்று ஆகிவிடாது. பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சிப் உட்பட எதற்கும் இது பொருந்தும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டும் ஒன்றைக்கூட அது காணவில்லை.

பில்லில் உள்ள இரண்டு வரிகளுக்கும் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதே 2(47)-இன் கீழ் நியாயமற்ற நடைமுறை. நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் தரலாம் என்று 34-ஆம் பிரிவு சொல்கிறது. எனவே திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும், கோவைக்கு அலைய வேண்டாம். ‘வாடகை வண்டி, வணிக நோக்கம்’ என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு ஓட்டுபவரும் நுகர்வோர்தான் என்று பிரிவு 2(7)-இன் விளக்கமே கூறுகிறது. நீங்களே ஓட்டுநர் என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள்.

பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. பில், நோட்டீஸ், ஜாப் கார்டு, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் உள்ள ட்ரிப் ஷீட், பெட்ரோல் ரசீது எல்லாவற்றையும் சேருங்கள். வாட்ஸ்அப் பேச்சு இருந்தால் அந்த போனை மாற்றாமல் வைத்திருங்கள். விற்றவர் சோதனை அறிக்கை எதையாவது நீட்டினால், 38-ஆம் பிரிவின் கீழ் கிட்டை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி மனுப் போடலாம். அதற்கான கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லக்கூடும். 28,500 ரூபாயுடன், சென்சார் முதலிய பாகங்களைச் சரிசெய்த செலவு, வண்டி நின்ற நாட்களின் வருமானம், மன உளைச்சல் இவற்றையும் கேளுங்கள்.

சர்வீஸ் சென்டர் ‘இனி வாரண்டியே கிடையாது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை ஏற்காதீர்கள். எந்தப் பாகத்துக்கு, வாரண்டி நிபந்தனையில் எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சென்சார் கெட்டதற்கு கிட்டைக் காரணம் காட்டலாம். ஏ.சி. கம்ப்ரஸருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அந்த நோட்டீஸ் இன்னும் ஊரில் புழங்கினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். போலீஸில் மோசடிப் புகாரும் தரலாம். ஆனால் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று அங்கே காட்ட வேண்டியிருக்கும். பணம் திரும்ப வர நுகர்வோர் ஆணையமே நேர் வழி.

புகார் கொடுக்கக் காலவரம்பு இரண்டு ஆண்டு. அதில் பத்து மாதம் கழிந்துவிட்டது. இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில் விற்றவருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் வராவிட்டால் அந்தத் தபால் ரசீதையும் சேர்த்துப் புகாரைத் தாக்கல் செய்யுங்கள்.