கூடத்தில் எப்போதும் இரண்டு பாய்

2017 ஜூன் மாதம் நானும் என் வீட்டுக்காரரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறி, மறுநாள் ஹவுராவில் இறங்கினோம். அப்போது அவருக்கு 62 வயது, எனக்கு 59. அவர் தபால் துறையில் ஓய்வு பெற்றவர். நான் பாளையங்கோட்டையில் டீச்சராக இருந்தேன். ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில் ஊழியம் செய்யும் மிஷனெரிக் குடும்பங்களும், அவர்கள் கூட்டிவரும் மலை ஜனங்களும் வைத்தியத்துக்குக் கொல்கத்தா வந்தால் தங்குவதற்கு மிஷனில் அங்கே ஒரு வீடு எடுத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள வயதில் மூத்த தம்பதி ஒன்று வேண்டும் என்று எங்களைக் கேட்டார்கள். இன்றுவரை அந்த வீட்டில்தான் இருக்கிறோம். ஓய்வு பெற்றபின் இப்படி வரலாமா என்று பலர் போனில் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு பேருக்கும் மனசு இருக்கிறதா என்பது. அதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். ஹவுராவிலிருந்து லோக்கல் ரயிலில் போனால் செராம்பூர் பக்கம்தான். அங்கே ஊழியம் செய்த மிஷனெரி வில்லியம் கேரி ஐயா 1793-ல் வங்காளம் வந்ததையும், 1801-ல் வங்காளப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதையும் ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர் மனைவி டாரதி அம்மாவைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த அம்மா வரமாட்டேன் என்று சொல்லி, கடைசி நேரத்தில் மனம் மாறிக் கப்பல் ஏறியவர். வந்த மறுவருஷமே சின்ன மகன் பீட்டரைப் பறிகொடுத்தார். அதன்பின் புத்தி பேதலித்து, 1807-ல் செராம்பூரில் இறந்துபோனார். கேரியின் கல்லூரியைப் பார்க்கப் போன அன்று எனக்கு அந்த அம்மாவின் நினைப்பாகவே இருந்தது. எங்களுக்கு அழைப்பு வந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு மாதம் என்னிடம் பதிலே கேட்கவில்லை. நானாக வாய் திறந்து சொன்ன பிறகுதான் கடிதம் எழுதினார். அந்த ஒரு மாதம்தான் இத்தனை வருஷமும் எங்களைத் தாங்குகிறது. ஒருவர் அழைக்கப்பட்டு மற்றவர் இழுத்துவரப்பட்டால், தயவுசெய்து வராதீர்கள்.

இங்கே சீக்கிரம் விடிந்துவிடும். ஜூனில் ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது. குடும்ப ஜெபத்தை முடித்துவிட்டு ஒருவர் நோயாளியோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவோம். ஓ.பி.யை இங்கே எல்லாரும் 'அவுட்டோர்' என்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு 2 ரூபாய்தான், வரிசைதான் நீளம். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தக் கூட்டமே பாதி நோய். டாக்டர் பார்ப்பது ஐந்து நிமிஷம், காத்திருப்பது ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரமும் கூட உட்கார்ந்திருப்பதுதான் நாங்கள் செய்யும் ஊழியம். வாலிபப் பிள்ளைகளால் அது முடியாது. அவர்களுக்குப் பணித்தளத்தில் வேலை கிடக்கிறது. எங்களுக்கு நேரம் இருக்கிறது.

முதல் வருஷம் தினமும் இருவருமே போனோம். ஒரு மே மாதம் வரிசையில் நின்ற இவர் தலைசுற்றி விழுந்துவிட்டார். நோயாளி எழுந்து இவரைப் பெஞ்சில் படுக்கவைத்தான். அன்றிலிருந்து ஒருநாள் அவர், ஒருநாள் நான். மற்றவர் வீட்டில் இருப்போம். மதியம் ஒரு மணி நேரம் கட்டாயம் படுத்துவிட வேண்டும். சோம்பேறித்தனம் என்று மனசு குத்தும், குத்தட்டும். நாம் படுக்கையில் விழுந்தால் வேலையில் இருக்கும் ஒரு இளம் குடும்பம்தான் மலையிலிருந்து இறங்கிவந்து நம்மைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இவர் மாத்திரைகளைச் சின்னக் காகித உறைகளில் பிரித்துப் போட்டு, காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு பிறை என்று மேலே வரைந்து கொடுப்பார். இரண்டு மாத்திரை என்றால் இரண்டு பிறை. தபால் ஆபீசில் முத்திரை குத்திய கை என்பதால் கோடு நேராக விழும். இதற்குப் படிப்பு வேண்டாம், பொறுமை போதும்.

பாஷை பயமுறுத்தும்தான். வங்காளத்தைக் கடைத்தெருவில் கற்றுக்கொண்டேன். இங்கே மீன் நறுக்கும் 'போட்டி' நம் அரிவாள்மனையேதான். மீன்காரம்மா காலால் அதை அழுத்திக்கொண்டு ரோகு மீனைத் துண்டு போடும்போது, ஒவ்வொரு பாகத்தையும் காட்டிப் பேர் கேட்பேன். இப்போது தெருவில் நான் 'மாசிமா', இவர் 'மேசோமஷாய்'. அதாவது சித்தி, சித்தப்பா.

ஆனால் என்னை உலுக்கியது மலை ஜனங்களின் பாஷை. அவர்கள் தங்களை 'மலேர்' என்கிறார்கள். மலைக்காரர்கள் என்று அர்த்தம். அவர்களுடைய மால்தோவும் திராவிட மொழிதான். நம் திருநெல்வேலிச் சீமையில், இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தில் அதையும் சேர்த்துப் பேசியிருக்கிறார். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. வந்த முதல் மழைக்காலத்தில் ஒரு பாட்டி காய்ச்சலோடு வந்திருந்தார். நான் வைத்த சாம்பாரையும் சோற்றையும் இரண்டு நாள் தொடவேயில்லை. கூட வந்த தம்பி, "அம்மா, மலையில் மக்காச்சோளமும் தட்டப்பயறும்தான் சாப்பாடு" என்றான். தட்டப்பயறா! எங்கள் ஆச்சி வீட்டில் அவித்துத் தின்று வளர்ந்தவளாயிற்றே நான். கடைக்கு ஓடி வாங்கிவந்து, உப்புப் போட்டு அவித்து, ஒரு மிளகாயைக் கிள்ளிப் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். பாட்டி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, தன் நெஞ்சைத் தொட்டு "ஏன்" என்றார். பிறகு என்னைத் தொட்டு "நீன்" என்றார். ஏன் என்றால் நான், நீன் என்றால் நீ. தம்பி சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அன்று ராத்திரி இரண்டு பேரும் கூடத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தோம். இன்றும் அந்தக் கூடத்தில் யார் வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு பாய் எடுத்துவைத்திருப்போம்.

இன்னும் சில காரியங்கள். வீடு பார்க்கும்போது முதல் மாடியில் பாருங்கள்: தரைத்தளம் என்றால் ஆகஸ்ட் மழையில் தண்ணீர் உள்ளே வரும், அதற்கு மேல் என்றால் முட்டி தாங்காது. காணிக்கைப் பணத்தின் கணக்கை அன்றன்றே நோட்டில் எழுதுங்கள். பென்ஷன் பணத்தைக் கடன் கொடுக்காதீர்கள். கொடுப்பதாக இருந்தால் திரும்பிவராது என்று நினைத்தே கொடுங்கள். பேரப்பிள்ளைகளோடு பேச ஒரு நேரம் ஒதுக்குங்கள், அதை எந்த ஜெபக்கூட்டத்துக்காகவும் விடாதீர்கள். இளம் மிஷனெரிகளிடம், "நாங்கள் அந்தக் காலத்தில்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் களைத்து வந்திருப்பார்கள். வெந்நீர் போட்டுக் கொடுத்து, தூங்க விடுங்கள். பேச்சு தானாக வரும், அநேகமாக மறுநாள் காய் நறுக்கும்போது.

வந்தவர்கள் எல்லாரும் குணமாகித் திரும்பவில்லை. பாட்டி திரும்பினார். ஒரு தகப்பனை நாங்கள் இருவரும் இங்கேயே அடக்கம் செய்தோம். அவருடைய மகள் என் மடியில் தலைவைத்து அழுதபோது சொல்ல எனக்கு ஒரு வசனமும் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளைக் கரையேற்றி, பென்ஷன் வாங்கிக்கொண்டு, திடமான உடம்போடு ஊரில் இருக்கிறீர்களா? உடனே மூட்டை கட்ட வேண்டாம். இருவருமாக ஒரு மாதம் இப்படி ஒரு வீட்டில் வந்து தங்குங்கள். ஒருநாள் அவுட்டோர் வரிசையில் நில்லுங்கள். பிறகு ஒருவரை ஒருவர் கேட்டு முடிவு செய்யுங்கள்.